சுல்தானுக்கு ஆயுள் கேட்ட வெள்ளிக்கிழமைகள்

சென்ற வாரம் எதிர்வீட்டு ஆசிரியை ஒரு தொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பாடசாலை நாடகத்துக்கு எங்கோ இரவல் வாங்கியதாம். சிவப்புக் கம்பளித் துணி, தட்டையான உச்சி, நடுவிலிருந்து தொங்கும் கறுப்புக் குஞ்சம்.

"ஐயா, அந்தக் காலத்து முஸ்லிம் பெரியாக்கள் இப்பிடித்தானே போட்டவை? குஞ்சம் எந்தப் பக்கம் விழவேணும்?"

வாழ்நாள் முழுக்கப் பத்திரிகையில் இருந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று அயலில் ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுப்பதில்லை. "வலப்பக்கம்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கு நினைவில்லை. நினைவில் இருந்தது அந்த வாசனைதான். தொப்பிக்குள்ளிருந்து பூச்சி உருண்டை வாசனை வந்தது. அவர் போன பிறகும் அது மேசையிலேயே நின்றது. அன்று பின்னேரம் எழுத உட்கார்ந்தவன் ஒரு வரியும் எழுதவில்லை.

இந்த வாசனைக்கு எனக்கு ஓர் ஆள் இருக்கிறார். காசிம் மரைக்கார். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் குளக்கட்டோடு நடந்தால் வரும் ஒரு சிறிய முஸ்லிம் ஊர். அதில் கடை வைத்திருந்தவர். பள்ளிவாசல் நிர்வாகமும் அவர் கையில்தான். கடையில் மண்ணெண்ணெய், கயிறு, ஆனையிறவு உப்பு, கருவாடு எல்லாம் இருந்தன. கடையின் உள்ளறையில் ஒரு அலுமாரி. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் அந்த அலுமாரியைத் திறந்தால் கருவாட்டு மணத்தை வெட்டிக்கொண்டு பூச்சி உருண்டை வாசனை வெளியே வரும். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அதை வைத்தே ஊர் அறியும். தொப்பியைத் தலையில் வைத்து, குஞ்சத்தை ஒருதரம் தட்டிவிட்டு, "வாறன் தம்பி, கடையைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். நான் இந்து, தொழுகைக்குப் போகாதவன், ஆகவே அந்த ஒரு மணி நேரத்துக்கு ஊரின் ஒரே கடைக்குக் காவல்காரன். அந்த உத்தியோகத்தை நான் நன்றாகவே செய்தேன். மற்ற உத்தியோகத்தைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும்.

அந்தத் தொப்பியைத் துருக்கித் தொப்பி என்பார்கள். துருக்கியில் அதைப் போடக்கூடாது என்று சட்டம் வந்து அப்போதே முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது என்பது மரைக்காருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. செய்திகள் அந்த ஊருக்கு வரப் பிந்தும். சில வராமலே போகும்.

ஊரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒரு தினசரியின் வவுனியா நிருபராக இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். குளம் உடைந்தால், பஸ் புரண்டால், வயலுக்குள் யானை வந்தால் எழுதி ரயிலில் அனுப்ப வேண்டும். பத்தில் ஒன்று அச்சில் வரும். வருவதும் உட்பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே மூன்று வரியாகச் சுருங்கி வரும். என் கனவெல்லாம் பெட்டிச் செய்தி. முதல் பக்கத்தில், நான்கு பக்கமும் கோடு கீறி, நடுவில் பத்துப் பன்னிரண்டு வரி. வாசிப்பவர் சிரிக்க வேண்டும், அல்லது 'அட' என்று சொல்ல வேண்டும். கண்டாவளையில் ஒரு யானை நெல்வயலின் நடுவில் குட்டி ஈன்றதை அனுப்பினேன். பெட்டி கிடைக்கவில்லை. எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. ஒரு பெட்டிக்காக எதையும் செய்யக்கூடிய வயது.

அந்த ஊருக்கு நான் முதலில் போனது குளத்துக்காக. குளக்கட்டில் ஒரு கசிவு இருப்பதாகச் சொன்னார்கள். மழை பிந்திய வருடம் அது. பிந்தி வரும் மழை கொட்டித்தான் தீர்க்கும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். வானம் வாரக்கணக்காகக் கறுத்தபடியே நின்றது, பெய்யவில்லை. கசிவு பெரிதாக இல்லை. ஆனால் மரைக்காரின் கடை வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பது எனக்குப் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமைகளில் போகத் தொடங்கினேன்.

பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டில் ஒன்று இருந்தது. அதுதான் ஓதற்பள்ளி. காலையில் முப்பது பிள்ளைகள் பாயில் இருந்து ஆடி ஆடி ஒரே குரலில் குர்ஆன் ஓதுவார்கள். பொருள் கேட்கக்கூடாது, பொருள் லெப்பைக்கும் முழுதாகத் தெரியாது. அறுபது வயதான அந்த லெப்பைதான் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பார், ஐந்து வேளையும் தொழுகை நடத்துவார், கலியாணத்துக்கு நிக்காஹ் ஓதுவார், யாராவது இறந்தால் மையித்துக்கு முன்னால் நிற்பார். வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையின் இரண்டு படி ஏறி, கையில் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, அரபியில் குத்பாப் பிரசங்கத்தை வாசிப்பார். புத்தகம் அவருடைய தகப்பன் காலத்தது. பம்பாயில் கல்லச்சில் அடித்தது. ஓரங்களைச் செல் அரித்திருந்தது. பிரசங்கத்தின் முடிவில் ஒரு நீண்ட துஆப் பிரார்த்தனை வரும். சபை முழுவதும் 'ஆமீன், ஆமீன்' என்று சொல்லும். கடை வாங்கில் இருக்கும் எனக்கு அந்த ஆமீன் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

அந்த வருடம்தான் மரைக்கார் ஒரு மௌலவியைக் கூட்டிவந்தார். மன்னார்ப் பக்கத்து ஆள், தெற்கில் ஓர் அரபுக் கல்லூரியில் ஒன்பது வருடம் படித்தவர், பெயர் யாசீன். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, இரண்டு தகரப் பெட்டி நிறைய அரபுக் கிதாபுப் புத்தகங்கள். ஓலைக் கொட்டிலைக் கல்லால் கட்டி, வாங்கு மேசை போட்டு, கரும்பலகை வைத்து, தமிழும் கணக்கும் பூமிசாஸ்திரமும் படிப்பிக்க வேண்டும், தை மாதம் கல்வித் திணைக்களத்து வித்தியாதரிசி வந்து பார்த்துப் பாடசாலையாகப் பதிய வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஊர் பிடிகொடுக்கவில்லை.

"கரும்பலகையிலை அல்லாடை கலாமை எழுதிப்போட்டு, பிறகு துணியாலை அழிக்கிறதோ? அந்தத் துணியை எங்கை போடுறது?" என்று ஒருவர் கடையில் கேட்டார்.

"மரப்பலகையிலை எழுதிக் கழுவுறியளே, அந்தத் தண்ணியை எங்கை ஊத்துறியள்?" என்று மௌலவி திருப்பிக் கேட்டார்.

"முருங்கைக்கு ஊத்துறம். நல்லாக் காய்க்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மௌலவியும் சிரித்தார். அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

மௌலவி வந்து மூன்றாவது வெள்ளியோ நான்காவது வெள்ளியோ, தொழுகை முடிந்து நேரே கடைக்கு வந்தார். மரைக்கார் இன்னும் வரவில்லை. வாங்கில் நானும் அவரும் மட்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் எடுத்தது.

"தம்பி, லெப்பை ஒவ்வொரு கிழமையும் துஆவிலை ஆருக்கு ஆயுள் கேக்கிறார் தெரியுமோ? துருக்கி சுல்தானுக்கு. பேர் சொல்லிக் கேக்கிறார். 'யா அல்லா, எங்கடை சுல்தானுக்கு நீண்ட ஆயுளைக் குடு, அவற்றை படையை வெல்ல வை' எண்டு. அந்த மனுசன் மவுத்தாகி நாப்பது வருசம். படையும் இல்லை, சுல்தான் எண்ட பதவியும் இல்லை. சபையெல்லாம் ஆமீன் சொல்லுது. மரைக்கார்தான் எல்லாரிலும் பலமாய்ச் சொல்லுறார்."

லெப்பை அரபி எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர். பிரசங்கத்தின் போக்கும் தெரிந்தவர். ஆனால் புத்தகம் அச்சாகிய பிறகு உலகத்தில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தகப்பன் வாசித்தார், மகனும் வாசித்தார்.

பிறகு மௌலவி சிரிப்பை விட்டுவிட்டுப் பேசினார். அன்று சொன்னதை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதவில்லை. செய்திக்குத் தேவைப்படாதது என்று விட்டுவிட்டேன். இன்று அதுதான் நன்றாக நினைவிருக்கிறது.

"அந்தச் சுல்தானின்ரை ஊரிலையே இந்தக் கதை நடந்தது, தம்பி. இஸ்தம்பூலிலை மதரஸாக்களிலை எத்தினையோ தலைமுறையாய் ஒரே கிதாபு. கிதாபுக்கு விளக்கம், விளக்கத்துக்கு விளக்கம். கணக்கு இல்லை, பூமிசாஸ்திரம் இல்லை. பட்டாளத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போகாமல் இருக்கவேணும் எண்டே சிலபேர் தாடி நரைக்கும்வரைக்கும் மாணாக்கராய் இருந்தவை. பிறகு மார்க்கம் படிப்பிக்கிற ஆலிம்களிலையே சிலபேர் எழும்பி, இது காணாது, வகுப்புப் பிரியுங்கோ, பரீட்சை வையுங்கோ, சாஸ்திரம் படிப்பியுங்கோ எண்டு எழுதினவை. மற்ற ஆலிம்கள் அவையைக் கெட்டுப்போனவை எண்டினம். சண்டை பிடிச்சுப் பிடிச்சு ஒருமாதிரி மாத்தத் தொடங்கிச்சினம். பத்து வருசம்."

"பிறகு?"

"பிறகு புது அரசாங்கம் வந்து மதரஸா முழுக்கப் பூட்டிப்போட்டுது. மாத்தச் சொன்ன ஆலிமும் வீட்டை, மாத்தாதை எண்ட ஆலிமும் வீட்டை."

"அப்ப நீங்கள் ஏன் இங்கை மெனக்கெடுறியள்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பூட்டமுதல் கொஞ்சப் பிள்ளையள் கணக்குப் படிச்சிருக்கும்தானே" என்றார்.

இதை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எழுதட்டுமா என்று நானும் கேட்கவில்லை. பத்திரிகைத் தொழிலில் இந்த இரண்டு மௌனங்களும் சேர்ந்தால் அனுமதி என்று கொள்வோம். அன்று பின்னேர ரயிலில் செய்தி போனது. ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் பெட்டி. தலைப்பு: 'மறைந்த சுல்தானுக்கு வன்னியில் நீண்ட ஆயுள்!' பதினொரு வரி. ஊர்ப் பெயரும் சுல்தானின் பெயரும் கொட்டை எழுத்தில். நான் அந்தப் பத்திரிகையில் ஐந்து பிரதி வாங்கினேன்.

பத்திரிகை மரைக்காரின் கடைக்குத் திங்கட்கிழமை பஸ்ஸில் போகும். அங்கே ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அன்றும் வாசித்தார்களாம். முதலில் சிரிப்பு. பிறகு ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் சொன்ன ஆமீன் எங்கை போனது?" அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

லெப்பைக்கு சபியா என்று ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன் ஹனீபா என்ற நெல் வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். நிக்காஹை அவரே ஓதினார். ஹனீபா மனைவியோடும் கைக்குழந்தையோடும் நெளுக்குளத்தில் குடியிருந்தார். என் பெட்டிச் செய்தி அந்தக் குடும்பத்துக்குள் போகும் என்று நான் நினைக்கவில்லை. வவுனியாச் சந்தையில் மற்ற வியாபாரிகள் ஹனீபாவைக் கண்டதும், "சுல்தானின்ரை மருமோன் வாறார், வழிவிடுங்கோடா" என்று எழுந்து நிற்பார்களாம். ஒருநாள், இரண்டுநாள் என்றால் பொறுக்கலாம். ஒருவன் சொன்னானாம்: "செத்த ராசாவுக்கு ஆயுள் கேட்ட வாயாலை ஓதின நிக்காஹ் உயிரோடை இருக்குமோ, மச்சான்?"

அது வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அந்தக் கேள்வி ஹனீபாவோடு வீட்டுக்குப் போய்விட்டது. செய்தி வெளியாகிப் பதினாறாம் நாள் அவர் சபியாவையும் பிள்ளையையும் பஸ்ஸில் கூட்டிவந்து லெப்பையின் படலையில் விட்டார். "நிக்காஹ் செல்லுமோ செல்லாதோ எண்டு ஒரு முடிவு தெரியட்டும். அதுவரைக்கும் இஞ்சை இருக்கட்டும்" என்றாராம். உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கேள்வி ஊருக்குள் பரவியது. அந்த ஊரில் அந்த லெப்பை ஓதாத கலியாணம் எது? மரைக்காருடைய கலியாணமும் அவர் ஓதியதுதான். மௌலவி வீடு வீடாகப் போனார். "துஆ வேறை, தொழுகை வேறை, நிக்காஹ் வேறை. பேரிலை விட்ட பிழையாலை ஒண்டும் முறியாது. எல்லாம் செல்லும்" என்றார்.

"பிழை எண்டு பேப்பருக்குச் சொன்னதும் நீங்கள், பிழையில்லை எண்டு எங்களுக்குச் சொல்லுறதும் நீங்களோ?" என்று கேட்டார்கள். ஓலைக் கொட்டிலுக்கு வரும் பிள்ளைகள் குறைந்தார்கள். லெப்பையிடமும் வரவில்லை, மௌலவியிடமும் வரவில்லை. அந்தக் காலை ஓதல் நின்றுபோன ஊரில் ஒருநாள் நான் நடந்து போனேன். குளத்துத் தவளைச் சத்தம் வீதிவரை கேட்டது.

அன்று லெப்பையிடம்தான் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்ல ஆசை. உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனேன். அவர் கொட்டில் வாசலில் பாய்களை உதறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு பாயை விரித்தார்.

"இருங்கோ தம்பி. நீங்கள் எழுதினது பொய்யில்லை. மௌலவியும் சொல்லிப்போட்டார். ஒண்டு மட்டும் கேக்கவேணும். அந்த மனுசன் எப்பிடி மவுத்தானவர்? நோயோ, ஆரும் வெட்டினவையோ?"

யாரைக் கேட்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"சுல்தானைக் கேக்கிறன். முப்பது வருசம் வெள்ளிக்கு வெள்ளி ஆயுள் கேட்டிருக்கிறன். எங்கடை வாப்பாவும் கேட்டவர். சாகேக்கை பக்கத்திலை ஆரும் இருந்தவையோ?"

எனக்குத் தெரியாது என்றேன். பதவியைப் பறித்து வீட்டுக்காவலில் வைத்திருந்தார்கள், நோயில் இறந்தார் என்று பல வருடம் கழித்து ஒரு நூலகத்தில் வாசித்தேன். அப்போது சொல்ல ஆள் இல்லை.

"உங்களுக்கும் மௌலவிக்கும் முதலே தெரிஞ்சிருக்கு" என்றார் லெப்பை. குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னார். "எனக்கு ஆரும் வந்து சொல்லேல்லை. நான் பேப்பரிலை அறிஞ்சன்."

கொட்டிலை ஒட்டியிருந்த அவருடைய வீட்டுக் கதவில் தொங்கிய சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. சபியா. நான் அவருடைய முகத்தைப் பார்த்ததில்லை.

"பேப்பர்க்கார அண்ணை, அடுத்த கிழமை என்ன எழுதப்போறியள்? லெப்பையின்ரை மோள் கலியாணம் முடிக்காமலே பிள்ளை பெத்தவள் எண்டோ? அதையும் நாலு பக்கம் கோடு கீறிப் போடுங்கோ. ஆக்கள் வாசிப்பினம்."

"உள்ளுக்குப் போ, பிள்ளை" என்றார் லெப்பை.

மௌலவியிடம் முதலில் ஒரு யோசனை இருந்தது. நிக்காஹை இன்னொருதரம் ஓதிவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஹனீபாவுக்கும் மனம் ஆறும். லெப்பை மறுத்துவிட்டார். "ரெண்டாந்தரம் ஓதினா முதல்தரம் பொய் எண்டாகும். அப்ப என்ரை பேரன் ஆர்?"

பிறகுதான் மற்ற வழி. தொழுகையில் ஒருவருக்குப் பின்னால் நிற்பது என்றால் அவருடைய தொழுகையை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பத்துப் பிரசங்கம் சொல்லாததை அது சொல்லும். செய்திக்குப் பிறகு பள்ளிவாசலில் தொழுகை நடத்துவதை விட்டிருந்த லெப்பை வரும் வெள்ளி மீண்டும் மிம்பர் ஏற வேண்டும். மௌலவி முதல் வரிசையில், நேர் பின்னால், எல்லோரும் காண நின்று தொழுவார். ஹனீபாவும் வருவார், மரைக்கார் அதற்கு வாக்கு வாங்கினார். மௌலவி புத்தகத்தை எடுத்து, சுல்தானின் பெயர் வரும் வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்த இடத்தை விட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கடையைக் காக்கவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் கைகால் கழுவும் தொட்டியோரம் நின்றேன். குறிப்புப் புத்தகத்தை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அப்படி வருவது ஒரு பெரிய தியாகம் என்று அப்போது நினைத்தேன். உள்ளே வழக்கத்தில் மூன்று வரிசை நிற்கும். அன்று ஏழு. செய்தி வாசித்தவர்கள், சந்தைக்காரர்கள், அயல் ஊர்க்காரர்கள். இரண்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள். மழை இன்னும் பெய்யவில்லை. உள்ளே விளக்கு இல்லாமல் முகம் தெரியாத அளவுக்குப் பகல் இருட்டியிருந்தது.

லெப்பை ஏறினார். தடியை ஊன்றினார். குரல் தெளிவாக வந்தது. நான் அந்தக் குரலை அவ்வளவு கிட்ட நின்று கேட்டது அன்றுதான். அந்தப் பள்ளியில் மௌலவியைத் தவிர ஒருவருக்கும் அரபி தெரியாது. ஆனால் சுல்தானின் பெயர் எல்லோருக்கும் தெரியும். நான் அதைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தேன். இத்தனை வருடமும் அந்தப் பெயரைக் கவனிக்காமல் ஆமீன் சொன்னவர்கள் அன்று அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் காது கொடுத்து நின்றார்கள்.

துஆ தொடங்கியது. ஆமீன். ஆமீன். பிறகு குரல் நின்றது.

லெப்பை புத்தகத்தைக் கையில் வைத்திருப்பாரே தவிர அதைப் பார்த்து வாசிப்பவர் அல்லர். நாக்குத்தான் வாசிக்கும். நாக்கு அந்த இடத்துக்கு வந்து, பழகிய பெயரைச் சொல்ல எழுந்து, நின்றுவிட்டது. பென்சில் கோடு எந்த வரியில் என்று அந்த இருட்டில் கண் தேடியிருக்கும். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. தொட்டியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது ஒன்பதோ பத்தோ தரம் சொட்டியது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்.

யார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்காததை எழுதக்கூடாது. அது கேலிச் சிரிப்புக்கூட அல்ல. அடக்கப் பார்த்து மூக்கால் வெளியேறியது. அந்த மனிதர் பிறகு வருந்தியிருக்கக்கூடும். ஆனால் அதைக் கேட்டதும் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

லெப்பை புத்தகத்தை மூடினார். தடியைச் சுவரில் சாய்த்தார். இரண்டு படியும் இறங்கி, வரிசைகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசைக்கும் பின்னால் வந்து நின்றார். வாசலருகே நின்றதால் அவரை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிரசங்கம் பாதியில் நிற்கக்கூடாது. தொழுகை கூடாமல் போய்விடும். மௌலவிக்கு வேறு வழி இருக்கவில்லை. ஏறினார். முதலிலிருந்து தொடங்கினார். லெப்பைக்குப் பின்னால் நிற்க வந்தவர் முன்னால் நின்றார். லெப்பை எல்லோருக்கும் பின்னால் நின்றார். எதைக் காட்ட எல்லோரையும் கூட்டினார்களோ அதற்கு நேர்மாறானதை ஏழு வரிசையும் பார்த்துவிட்டுப் போனது.

வாக்குப்படி வந்திருந்த ஹனீபா, சபியா இருந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே குளக்கட்டு வழியாகப் பஸ்ஸுக்குப் போனார். அவர் ஏறிய பஸ்ஸில்தான் நானும் வவுனியாவுக்குத் திரும்பினேன். பாதிவழியில் மழை தொடங்கியது.

நான் அன்றே ஆசிரியர் பீடத்துக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். லெப்பை ஓதிய கலியாணங்களும் தொழுகைகளும் மார்க்கப்படி செல்லுபடியாகும் என்று கற்றறிந்த மௌலவி ஒருவர் தெரிவிக்கிறார் என்று நான்கு வரி. ஒரு தபாலட்டை திரும்பி வந்தது. 'நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறீர். செல்லாது என்று நாம் எங்கும் சொல்லவில்லையே, எதைத் திருத்துவது? உமது செய்திக்கு நீரே மறுப்பு எழுதும் வழக்கம் இங்கு இல்லை. பெட்டி நன்றாக இருந்தது. இதுபோல் அனுப்பும்.'

லெப்பை அந்த மாதமே மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு புத்தளத்தில் இருந்த தம்பியிடம் போய்விட்டார். விவகாரத்தை மௌலவி முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதியாரிடம் கொண்டுபோனார். இரண்டு தரம் அநுராதபுரம்வரை பஸ்ஸில் அலைந்தார். காதியார் விசாரித்து, நிக்காஹ் செல்லும், பிள்ளை ஹனீபாவின் பிள்ளை, சந்தேகமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஹனீபா அங்கேயே எழுந்து நின்றாராம். "செல்லுமெண்டால் சரி. அப்ப நான் தலாக் சொல்லுறன்." இதை மௌலவி வவுனியாவில் என் அறைக்கு வந்து சொன்னார். அந்தக் கலியாணம் செல்லும் என்று ஊர் ஒப்புக்கொண்டது அதை முறித்த அன்றுதான். தீர்ப்புக்கு லெப்பை இருக்கவில்லை. புத்தளத்தில் மாரியில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டார்.

தை மாதம் வித்தியாதரிசி வந்தார். எதிர்க்க ஊரில் ஒருவருக்கும் தெம்பு இருக்கவில்லை. கல் கட்டடம் எழுந்தது. வாங்கு, மேசை, கரும்பலகை வந்தன. சில வருடத்தில் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது அதையும் எடுத்துக்கொண்டது. அதிபராகக் குருநாகலிலிருந்து ஒருவர் வந்தார். அரபிக்கு வாரத்தில் இரண்டு பாடம். யாசீன் மௌலவி ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தார். ஒருநாள் பஸ் நிலையத்தில் கண்டேன். "இஸ்தம்பூலிலை பத்து வருசம் குடுத்தவை, தம்பி. எனக்கு நாலு" என்றார். சிரிக்கவில்லை. என்னிடம் அவருக்குக் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டிருக்கலாம். கேள்வி கேட்பதுதானே என் தொழில்.

அதற்குப் பிறகு வந்தவை உங்களுக்கும் தெரிந்தவை. போர்க்காலத்தில், தொண்ணூறில் ஒருநாள், வடக்கின் மற்ற முஸ்லிம் ஊர்களைப் போல அந்த ஊர் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்த பிறகு சில குடும்பங்கள் திரும்பின. நானும் ஒருதரம் போய்ப் பார்த்தேன். மரைக்காரின் கடை இருந்த இடத்தில் எருக்கலை. பாடசாலையின் ஒரு சுவர் நின்றது. அதற்குள் ஆலமரம் ஒன்று ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. பள்ளிவாசலைச் சீமெந்தில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். குத்பா இப்போது தமிழில், ஒலிபெருக்கியில், வீதிவரை ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இங்கே ஒரு சுல்தானுக்கு ஆயுள் கேட்டார்கள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நான் சொல்லவும் இல்லை.

வாசலில் இமாம்களின் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. முதல் பெயர் யாசீன் மௌலவி. அவருக்கு முன்னால் இருந்தவர் யார் என்று கேட்டேன். "ஒரு லெப்பை இருந்தவராம், ஐயா. பேர் ஆருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் இப்ப இல்லை" என்றார் நிர்வாகி. உங்களுக்குத் தெரியுமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

எனக்கும் தெரியாது. எத்தனையோ வெள்ளிக்கிழமை அந்த ஊருக்குப் போய்வந்தேன். அவருடைய பாயில் இருந்தேன். நிருபர் என்பவன் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. என் பத்திரிகை நின்று இருபது வருடமாகிறது. அதன் பழைய கட்டுகள் எங்காவது மிஞ்சியிருந்தால், அந்த மனிதர் உலகத்தில் இருந்ததற்கு அச்சில் உள்ள ஒரே சாட்சி என் பதினொரு வரிதான். அதிலும் 'ஒரு லெப்பை' என்றுதான் இருக்கிறது. சுல்தானின் பெயரைத்தான் பிழை வந்துவிடக்கூடாதென்று மௌலவியிடம் இரண்டு தரம் கேட்டு, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து எழுதியிருந்தேன்.